கொசு விரட்டி செடி வெச்சும் கொசு கடிக்குது, வேற என்ன செடி வைக்கலாம்?

வேளச்சேரி_மாடி:
ரெண்டாவது மாடி ஃப்ளாட், பக்கத்துலயே சதுப்பு நிலம், சாயங்காலம் ஆறு மணி ஆனா ஜன்னல் திறக்க முடியாது. போன மாசம் நர்சரில "கொசு விரட்டி"ன்னு சொல்லி ஒரு செடி குடுத்தாங்க, 250 ரூபா, வெட்டு வெட்டா இலை, ஜெரேனியம் வகையாம், கசக்குனா எலுமிச்சை வாசம். கூடவே துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சம்புல்லும் வாங்கியாச்சு. நாலு தொட்டிக்கு நடுவுல சேர் போட்டு உக்காந்தா கணுக்கால்லயே கடிக்குதுங்க, இப்ப பகல்லயும்! பொண்ணுக்கு ரெண்டு வயசு, காயில் வெச்சா இருமுறா.

நொச்சிவேலி:
நர்சரிக்காரர் இலையக் கசக்கி மூக்குல காட்டித்தானே வித்தாரு? அதான் விஷயமே. எண்ணெய் இலைக்குள்ள இருக்கு, கசக்கணும் இல்ல புகைக்கணும், செடி சும்மா நின்னா ஒண்ணும் ஆகாது. கும்பகோணம் பக்கம் எங்க வீட்டு வேலி ஃபுல்லா நொச்சி, அதுக்குள்ளயே கொசு நிம்மதியா ஒக்காந்திருக்கும் :) ஆத்தா மாட்டுக்கொட்டாய்ல தணல் மேல பச்சை நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவாங்க, அப்பதான் ஓடும். உங்க பாப்பாவுக்கு அது வேணாம், எந்த இலையா இருந்தாலும் புகை புகைதான்.

சும்மா_வந்தேன்:
தொட்டிக்கு அடில தட்டு இருக்கா? பகல்ல கணுக்கால்ல கடிக்குதுன்னா பெரும்பாலும் ஏடிஸ்தான், டெங்கு பரப்புறது. சதுப்பு நிலத்த திட்டாதீங்க, அது வீட்டுக்குள்ள, வீட்டச் சுத்தி தேங்குற நல்ல தண்ணிலதான் பொறக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவாயிடும். தட்ட கவுத்தா மட்டும் பத்தாது, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கிடந்து மறுபடி தண்ணி பட்டா பொரியும், நார் போட்டு தேய்ச்சுடுங்க.

வேளச்சேரி_மாடி:
இப்பதான் டார்ச் அடிச்சு பாத்தேன். துளசி தட்டுல நாலஞ்சு நெளியுது. கொசு விரட்டி தட்டுலதான் எண்ணவே முடியல 🤦

அரிசிமூட்டை:
கொசுவுக்கு ஜன்னல்ல வலை அடிங்க சார். நொச்சிய நான் அரிசி டப்பாவுக்குத்தான் வெச்சிருக்கேன், இலைய நிழல்ல நல்லா காயவெச்சு துணில முடிஞ்சு வசம்பு ஒரு துண்டோட போட்டுடுவேன், வண்டு குறையுது. ஈரம் இருந்தா அரிசி பூசணம் புடிச்சிடும், ஒரு தடவ எனக்கு அஞ்சு கிலோ போச்சு.

நொச்சிவேலி:
நொச்சி வேணும்னா காசு குடுத்து வாங்காதீங்க, யார் வீட்டு வேலிலயாவது ஒரு குச்சி ஒடிச்சு நடுங்க, வந்துடும். தட்டு மட்டும் வைக்காதீங்க 😄