திருப்பூர்ப் பனியனின் வெண்மைக்கு நொய்யல்தான் காரணமா?

காங்கயம் ரோடு:
"நொய்யல் ஆற்றுத் தண்ணீரின் குணத்தால்தான் திருப்பூர்ப் பனியன் வெளுத்தது, ஊரும் பிழைத்தது" என்று நண்பர் நொய்யல் மைந்தன் அடித்துச் சொல்லியிருப்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கல்கத்தாவின் கிதர்பூரில் 1893-லேயே பின்னலாடை ஆலை வந்துவிட்டதே, அங்கே நொய்யலா ஓடியது? குலாம் காதர் 1925 வாக்கில் பேபி நிட்டிங் கம்பெனியைத் தொடங்கியபோது, பஞ்சுச் சந்தையும் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் அரவை ஆலைகளும் ரயிலும் இங்கே ஏற்கெனவே இருந்தன. வெளுப்பைக் கொடுத்தது பிளீச்சிங் பவுடர்.

நொய்யல் மைந்தன்:
பவுடர் எல்லா ஊரிலும்தான் கிடைத்தது. அப்படியிருக்க, துணி வெளுக்கும் சலவைப்பட்டறைகள் ஏன் ஆற்றோரமாகவே வரிசைகட்டின என்பதை மேதாவி விளக்கட்டும். என் பாட்டனார் தொட்டியில் இறங்கித் துணி மிதித்தவர். தாங்கள் எந்தத் தொட்டியில் இறங்கினீர்கள்?

காங்கயம் ரோடு:
பாட்டனார் மிதித்தது சான்றாகிவிடாது. கழிவைத் திறந்துவிட வசதியாக இருந்ததால்தான் ஆற்றோரம் பிடித்தது. பிற்காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கி வெளுத்தார்களே, அந்தப் பனியன் என்ன மஞ்சளாகவா இருந்தது? கிதர்பூருக்கு இன்னும் பதில் வரவில்லை.

பஞ்சப்படி84:
தண்ணீரா பவுடரா என்று இருவரும் மல்லுக்கு நிற்கிறீர்கள். கட்டிங் மேஜையிலும் சிங்கர் மிஷினிலும் முதுகொடிந்தவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா? 1984-இல் பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசி உயர்வுக்கான கூடுதல் படிக்காக, 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அதன்பின் முதலாளிகள் வேலையைத் துண்டு துண்டாக்கி ஜாப் ஒர்க் என்று வெளியே தள்ளியதுதான் உண்மையான வரலாறு.

காங்கயம் ரோடு:
எந்தப் பேச்சை எடுத்தாலும் 1984-க்கு இழுத்துவருவது உங்கள் வாடிக்கை. பருத்திச் சந்தை விவாதத்தையும் இப்படித்தான் குட்டிச்சுவராக்கினீர்கள். ஜாப் ஒர்க் அதற்கு முன்பே இருந்தது. நான் கேட்டது வெண்மையைப் பற்றி.

பஞ்சப்படி84:
குட்டிச்சுவராக்கியது யார் என்பதைப் பழைய பதிவுகளைப் புரட்டினால் எல்லோரும் அறிவார்கள். முதலாளி வீட்டு வரலாறு இனிக்கத்தான் செய்யும்.

நொய்யல் மைந்தன்:
ஆற்றால் வாழ்ந்துவிட்டு அதற்கு நன்றி சொல்ல மனமில்லாதவர்களால்தான் சாயக்கழிவு நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலையும் வந்தது.

காங்கயம் ரோடு:
நல்லது, நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள். இன்று சுத்திகரித்த நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பனியன் வெள்ளையாகத்தான் வருகிறது. இதற்கும் நொய்யலுக்குத்தான் மாலை போடுவீர்களோ?

நொய்யல் மைந்தன்:
இன்றைய வெள்ளை ரசாயனம் ஏற்றிய வெள்ளை. நான் பேசுவது அன்றைய வெள்ளையைப் பற்றி.

காங்கயம் ரோடு:
அன்றைய கிதர்பூர் வெள்ளையைப் பற்றியும் பேசுங்கள், காத்திருக்கிறேன்.