'மூப்பு முடுக்கம்' வேண்டாம், 'வயது விலகல்' போதும்

> பாம்பன், தங்கச்சிமடம் மீனவர்களுக்கான மூப்பு ஆய்வுத் துண்டறிக்கையில் 'எபிஜெனெட்டிக் ஏஜ் ஆக்சலரேஷன்' என்பதற்கு 'மேல்மரபணு மூப்பு முடுக்கம்' என்று போடலாமா ஐயா?

வணக்கம் தம்பி.

'மேல்மரபணு', அதாவது மரபணு எழுத்துகள் மாறாமல் அவற்றின் மேல் ஏறும் வேதிக்குறிகள், ஏற்கெனவே புழங்குகிறது, இருக்கட்டும். 'முடுக்கம்' கூடாது. இயற்பியலில் அது வேகம் மாறும் வீதம். இங்கே நடப்பது வேறு. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதன் எழுத்துகளில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் எத்தனை விழுக்காடு மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி ஏறியிருக்கிறது என்று அளக்கிறோம். இந்த அளவுகளிலிருந்து வயதைக் கணிக்கும் கணக்கைக் 'கடிகாரம்' என்பார்கள். ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் வெளியிட்ட கடிகாரத்தில் அப்படி 353 இடங்கள். அதில் கிடைப்பது 'மீத்தைல் வயது'. ஒருவருடைய பிறந்தநாள் வயதுக்கு எதிர்பார்த்ததைவிட அது எத்தனை ஆண்டு கூட, எத்தனை ஆண்டு குறைய என்பதுதான் கேள்வி. அது வெறும் தூரம். குறை எண்ணாகவும் வரும். எனவே 'வயது விலகல்'.

வேகத்தை அளப்பது 2022-இல் வந்த டுனெடின்பேஸ் என்ற இன்னொரு மீத்தைல் கணக்கு. 1 என்றால் ஓராண்டுக்கு ஓராண்டு மூப்பு. அதை 'மூப்பு வேகம்' என்போம். 'முடுக்கம்' என்று அச்சடித்தால், இரவில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர் தன் மூப்பு வருடாவருடம் விரைந்துகொண்டே போவதாக நினைப்பார். ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

---

ஐயா, வணக்கம்.

பள்ளிக் கணக்கில் 'திட்ட விலகல்' இருக்கிறதே என்று தயங்கினேன். 'வயது இடைவெளி' போடலாம் என்றால், ஊரில் அது மாப்பிள்ளை, பெண் வயது வித்தியாசம். விலகலே சரி.

விலகல் வேறு, வேகம் வேறு என்ற உங்கள் பிரிப்பு துண்டறிக்கையின் உணவுப் பகுதிக்கும் அவசியம். உணவைக் குறைத்துப் பார்த்த 'கேலரி' (CALERIE) ஆய்வில் இரண்டாண்டுக்கு 25% கலோரி குறைக்கச் சொன்னார்கள். சராசரியாகச் சுமார் 12% குறைந்தது. மூப்பு வேகம் 2–3% தணிந்தது. ஃபீனோஏஜ், கிரிம்ஏஜ் என்ற வேறு இரண்டு மீத்தைல் கடிகாரங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 'வயது குறைந்தது' என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

புகைக்கு 'மீள்கை' என்ற சொல் வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஏ.எச்.ஆர்.ஆர். மரபணுவில் மீத்தைல் இறங்குகிறது. விட்டபின் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. 'இளமை திரும்பும்' என்பது மிகை.

---

தம்பி, 'மீள்கை' நன்று.

ரத்தம் எடுப்பவர்களுக்கான தாளில் இவற்றையும் சேருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. போட்ட குழாய் மட்டும். இன்னொரு உறைதடுப்பியான ஹெப்பரின், பின்னால் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரைத் தடுக்கும். மண்டபம் ஊர் வெயிலில் குழாயை வெளியே வைக்காமல் குளிர்பெட்டியில் அனுப்பவேண்டும். காய்ச்சல் உள்ளவரிடம் அன்று எடுக்கவேண்டாம். வெள்ளணு விகிதம் மாறினால் விலகலும் மாறும். ஆய்வகத்தில் மீத்தைல் இல்லாத சைட்டோசினை மட்டும் வேறெழுத்தாக்கும் பைசல்பைட் மாற்றம் அரைகுறையானால், மீத்தைல் இல்லாத சைட்டோசினிலும் மீத்தைல் இருப்பதாகத் தெரியும். இதற்கு 'போலி மீத்தைல்' என்று வைக்கலாம்.

ஒரே மாதிரியை இருமுறை ஓட்டினால் சில கடிகாரங்களில் பல ஆண்டு வித்தியாசம் வரும். அதனால் தனிநபர் கையில் விலகல் எண்ணைக் கொடுக்கவேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அவற்றை வைத்து அவர் ஏதாவது செய்யமுடியும்.