ஆர்க்டிக் மங்கீஸ் புது ஆல்பத்துல கிற்றார் இல்ல, இதுக்குப் பேர் முதிர்ச்சியா?

கல்லடிக்காத்து
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தத வாசிச்சதுல இருந்து சரியான கடுப்பு, அதுதான் இதத் தொடங்குறன். ஆர்க்டிக் மங்கீஸ் எண்ட இங்கிலாந்து ரொக் பேண்டுட ஏழாவது ஆல்பம் 'த கார்' 2022 ஒக்டோபர் 21 வந்திச்சுதானே, அதுக்கு அவர் எழுதுறார், பெடியனுகள் இப்பதான் முதிர்ந்திருக்கானுகளாம், பழைய பாட்டெல்லாம் சின்னப்பிள்ளச் சத்தமாம். சின்னப்பிள்ளச் சத்தமா? 2006ல அந்த முதல் ஆல்பம் ஒரு கிழமையில மூண்டரை லெச்சத்துக்கு மேல வித்தது. பிரிட்டன்ல அதுக்கு முதல் எந்த பேண்டுட முதல் ஆல்பமும் அவ்வளவு கெதியா வித்ததில்ல. அதே வருசம், வருசத்துல திறமான ஆல்பத்துக்கு அங்க குடுக்குற மேர்க்குரி பரிசும் எடுத்தானுகள். ஷெஃபீல்ட்ல பக்கத்து வீட்டுப் பெடியனுகள் ரெண்டு பேருக்கு நத்தாருக்கு கிற்றார் கிடைச்சுத் தொடங்கின பேண்ட் இது. அந்தக் கிற்றார் இப்ப எங்க? புது ஆல்பம் முழுக்க பியானோ, வயலின், பிறகு பாடகன் டேர்னர்ட பெருமூச்சு. கிற்றாரே இல்ல. கிற்றார் இல்லாம ரொக் இல்ல. முதிர்ச்சி எண்டு சொல்ற ஆக்கள் வந்து கிற்றார் எங்க எண்டு காட்டுங்க.

அக்கரைப்பற்று வெயில்
மச்சான் நீ 'பாடி பெயின்ட்' கேட்டயா இல்லையா? அஞ்சாவது பாட்டு. கடைசியில எல்லாம் ஒண்டா ஏறி வாற இடத்துல ஒரு கிற்றார் உறுமுது, அத என்னெண்டு நினைச்ச, நாதஸ்வரமா? ரெண்டாவது பாட்டு முழுக்க கிற்றார் சத்தத்த வளைக்கிற வா-வா பெடல் போட்டு வாசிச்சிரிக்கானுகள். கேக்காமக் கதைக்கிறது உனக்குப் புதுசில்லத்தான்.

கல்லடிக்காத்து
கேட்டன். பத்துப் பாட்டும் கேட்டன். 'பாடி பெயின்ட்' கடைசியில கொஞ்சம் வருது, மொத்தம் 37 நிமிச ஆல்பத்துல அந்தக் கொஞ்சத்த நான் கிற்றார் எண்டு எடுக்கல்ல.

அக்கரைப்பற்று வெயில்
"கிற்றாரே இல்ல" எண்டு எழுதினது ஆரு? மேல இரிக்கி, நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிட்டன்.

கல்லடிக்காத்து
எடு, சட்டம் போட்டு வீட்டுல மாட்டு. இல்ல எண்டாலும் ஒண்டுதான் கொஞ்சம் எண்டாலும் ஒண்டுதான். கிற்றார் பாட்டக் கொண்டு போகணும், பாட்டுக்குப் பின்னால வரக்கூடாது. இதுல பின்னால வருது.

மாமாங்கம் வடக்கு
நான் வயலின் படிச்சவள், அதனால இதுக்குள்ள வாறன். முதல் பாட்டு, அந்த மிரர்போல் பாட்டு, பாடத் தொடங்க முதல் எவ்வளவு நேரம் சும்மா பியானோவும் வயலின்களும் போகுது எண்டு பார்த்தீங்களா? அந்தத் தொடக்கம் அலங்காரத்துக்குப் போட்டது இல்ல, ஆரோ ஒராள விட்டுட்டுப் போகப் போறான் எண்டு பாட்டு வர முதலே நமக்குத் தெரிஞ்சிடுது, அதுக்குப் பிறகு அவன் வாயத் திறக்கிறான். இருவது வயசுல டேர்னரால இப்படிப் பொறுமையா இரிக்க ஏலாது. முதல் ஆல்பத்துல ஒரு மூச்சுல நாப்பது சொல்லு துப்புவான், நைட் கிளப் வாசல், டாக்ஸி, சண்டை எண்டு. அதுவும் எனக்கு உசிர்தான். ஆனா 'த கார்' வந்த நேரம் 36 வயசு, அதையே பாடியிரிந்தா பொய்யாத்தான் இரிந்திரிக்கும். இந்த ஆல்பத்துக்கு சஃபோக்ல பட்லி ப்ரயரி எண்ட பழைய மடத்துல போய் இருந்து ரெக்கோர்ட் பண்ணிரிக்காங்கள், அந்த இடத்துட அமைதி பாட்டுக்குள்ள இரிக்கு. வயலின் வந்தா ரொக் செத்துப் போச்சு எண்டு சொல்ற ஆக்களுக்குக் காது இல்ல.

கல்லடிக்காத்து
தங்கச்சி, மடத்துல போய் இருந்தா மடத்துச் சத்தம்தான் வரும். கிற்றார் எங்க எண்டுதான் நான் கேட்டன்.

மாமாங்கம் வடக்கு
நான் ஒங்களுக்குத் தங்கச்சி இல்ல. ஒங்களுக்கு என்ட வயசும் தெரியாது. வயலினப் பத்தி சொன்னதுக்குப் பதில் இரிந்தா சொல்லுங்க.

கல்லடிக்காத்து
மரியாதைக்குச் சொன்னதுக்கும் குத்தமா? சரி அக்கா. பதில் இதுதான், வயலின் கேக்கணும் எண்டா எனக்கு சங்கீதக் கச்சேரி இரிக்கு. மங்கீஸ்ட நான் போறது மெட் ஹெல்டர்ஸ் அடிக்கிற ட்ரம்ஸுக்கும் அதோட ஒட்டிக்கிட்டு ஓடுற ரெண்டு கிற்றாருக்கும். அவன்ட அடியில முதல் ஆல்பத்துட முதல் பாட்டு தொடங்குற இடம் இரிக்கே, உலகத்துல அப்படி ஒரு தொடக்கம் இல்ல. அந்த மனுசன இந்த ஆல்பத்துல பிரஷ் பிடிச்ச மாதிரி மெதுவாத் தட்ட வச்சிட்டாங்கள். எனக்கு நெஞ்சு எரியுது, விளங்குதா? எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பியானோ. டேர்னர்ட 30வது பிறந்தநாளுக்கு மனேஜர் ஒரு ஸ்டெய்ன்வே பியானோ குடுத்தார், அதுல இருந்து எழுதினதுதான் 2018 ஆல்பம், சந்திரன்ல ஒரு ஹோட்டல் இரிக்கிற மாதிரி கற்பனை பண்ணின பாட்டுகள். அண்டைக்கு கிற்றார் மூலைக்குப் போனது. ஒரு கிற்றார வாங்கிக் குடுத்திரிக்கலாமே அந்த மனேஜர்!

அக்கரைப்பற்று வெயில்
2018ல கிற்றார் போச்சு எண்டுற, அப்ப 2009ல என்ன சொன்ன நீ? 'ஹம்பக்' வந்த நேரம் அமெரிக்க ரொக்காரன் ஜோஷ் ஹோம்கிட்டப் போய் கலிஃபோர்னியாப் பாலைவனத்துல ரெக்கோர்ட் பண்ணினானுகள், பாட்டெல்லாம் மெதுவாகி இருட்டாப் போச்சு, அப்பயும் "பேண்ட் முடிஞ்சிச்சு" எண்டு நீ அழுத. பிறகு 2013ல 'ஏஎம்' வந்தது, ஹிப் ஹொப் மாதிரி தாளம், "காசுக்குத் தங்களையே வித்துட்டானுகள்" எண்ட. இப்ப அந்த 'ஏஎம்'தான் திறமாம். இன்னும் பத்து வருசம் போக 'த கார்' திறம் எண்டு எங்களுக்கே வந்து வகுப்பு எடுப்ப, பாரு.

கல்லடிக்காத்து
'ஹம்பக்'ல கிற்றார் இரிந்தது. 'ஏஎம்'ல கிற்றார் இரிந்தது. இதுல இல்ல. முடிஞ்சிது.

அக்கரைப்பற்று வெயில்
பாடி பெயின்ட்.

கல்லடிக்காத்து
அது கணக்கில்ல.

அறுகம்பே நைட்ஸ்
நான் பொத்துவில். சீசனுக்கு அறுகம்பேக் கடற்கரையில வாசிக்கிற ஆள், ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் மட்டும் வெள்ளக்காரனுக்கு முன்னால நிக்கிறவன், அதனால வீட்டுல ஹெட்போன் போட்டுக் கேக்குற ஆக்கள விட எனக்குக் கொஞ்சம் தெரியும். கேக்குறானுகள் எண்டா 'டூ ஐ வோனா நோ' கேப்பானுகள், இல்லாட்டி 2005ல வந்த அந்த டான்ஸ்ஃப்ளோர் பாட்டு. 2018 ஆல்பத்துல ஒண்டு வாசிச்சா பியர எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போயிடுவானுகள். கல்லடி சொல்றது சரி.

கல்லடிக்காத்து
வாசிக்கிறவன் சொல்றான், கேளுங்க. முதல் ஆறு ஆல்பமும் பிரிட்டன்ல முதலாமிடம். இது ரெண்டாமிடம். சனம் சொல்லிட்டுது.

அக்கரைப்பற்று வெயில்
அதே நாள்தான் டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பமும் வந்தது, அதச் சொல்ல மாட்ட. அவவுக்கு முன்னால உலகத்துல எவன் நிண்டான்? பிறகு அறுகம்பேயில சேர்ஃப் அடிச்சிட்டு வாறவன் கேக்குறதுதான் இசைக்கு அளவு எண்டா பொப் மார்லியத் தவிர எல்லாரும் வீட்ட போகணும்.

அறுகம்பே நைட்ஸ்
வாய அடக்கிக் கதை. நீ ஒரு மேடையில ஏறிரிக்கயா?

அக்கரைப்பற்று வெயில்
ஏறிரிக்கன். அந்த மேடையில கிற்றார் சத்தத்தக் கரகரப்பாக்குற என்ட டிஸ்டோர்ஷன் பெடல வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் திருப்பித் தரல்ல. ஆரெண்டு சொல்லட்டா?

ஆரையம்பதியான்
சண்டைய விடுங்க தம்பிமார். இதுல ஒண்டும் புதினம் இல்ல. எங்கட ஊரில துள்ளித் துள்ளி வடமோடிக் கூத்து ஆடினவன் வயசு போக, பாட்ட இழுத்துப் பாடுற தென்மோடிக் கூத்துக்கு வந்து நிக்கிற மாதிரித்தான். கால் ஓஞ்சா பாட்டு வரும்.

மாமாங்கம் வடக்கு
அண்ணே, தென்மோடி கால் ஓஞ்சவங்கட கூத்தா? தென்மோடி ஆட்டத்துட நுணுக்கம் தெரிஞ்சுதான் சொல்றீங்களா? என்ட அப்பப்பா கடைசி மட்டும் தென்மோடிதான் ஆடினவர், சின்ன வயசுலயும் அதுதான். இழுத்துப் பாடுறதுக்கு எவ்வளவு மூச்சு வேணும் எண்டு பாடிப் பார்த்தாத் தெரியும்.

ஆரையம்பதியான்
நான் குறைச்சுச் சொல்லல்ல புள்ள. ஆட்டம் எண்டா வடமோடி, பாட்டு எண்டா தென்மோடி, இது ஊருக்கே தெரிஞ்ச கதை.

மாமாங்கம் வடக்கு
"கால் ஓஞ்சா" எண்டு எழுதினது குறைச்சுச் சொல்றதுதான். அறுபதுகள்ல பேராசிரியர் வித்தியானந்தன் விடிய விடிய ஆடுற கூத்த எடுத்து, சுருக்கி, பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தார். சுத்தி இருந்து சனம் பார்க்க வட்டக்களரியில ஆடினத ஒரு பக்கம் பார்த்து ஆட வச்சார். அதுக்காக அது கூத்தில்லையா? மாத்தினதாலதான் நம்மட கூத்து இண்டைக்கு வெளியில தெரியுது. மங்கீஸும் அதத்தான் செய்யிறாங்கள்.

ஆரையம்பதியான்
விடிய விடிய ஆடுறதுதான் கூத்து. ஒண்டரை மணித்தியாலத்துல முடிஞ்சா அது நாடகம். பேராசிரியர்ல எனக்கு மதிப்பு இரிக்கு, ஆனா களரியில மண்ணுல ஆடினவனுக்கு மேடைய உதாரணம் காட்டாதீங்க.

கல்லடிக்காத்து
கூத்த விடுங்க, நான் தொடங்கின இடத்துல நீங்க வந்து வடமோடி ஆடுறீங்க. எங்க சுத்தி வந்தாலும் கேள்வி ஒண்டுதான். நான் கேட்டுக்கொண்டேதான் இரிப்பன். 'ஸ்கல்ப்சர்ஸ்' எண்ட மூண்டாவது பாட்டு, எல்லாரும் தூக்கி வச்சு ஆடுறீங்க, அதுல முன்னால நிக்கிறது என்ன? மூக் சின்தசைசர் எண்ட எலக்ட்ரோனிக் கீபோர்ட். ஜேமி குக் எண்டு ஒரு கிற்றார்காரன் அந்த பேண்டுல இரிக்கான், தெரியுமா? முதல் நாளில இருந்து இரிக்கான். அவன் இந்த ஆல்பத்துல என்ன செய்யிறான் எண்டு ஒராள் சொல்லட்டும். பாடி பெயின்ட் எண்டு மட்டும் சொல்லக் கூடாது.

அக்கரைப்பற்று வெயில்
ஏன் சொல்லக் கூடாது? இரிக்கிறதத்தானே சொல்லுவன். 'பிக் ஐடியாஸ்' கடைசியில சோலோ, 'த கார்' பாட்டுலயே சோலோ. எண்ணிக்கோ.

கல்லடிக்காத்து
சத்தம் காணாது.

அக்கரைப்பற்று வெயில்
முதல் "இல்ல", பிறகு "கொஞ்சம்", பிறகு "பின்னால", இப்ப "சத்தம் காணாது". நாளைக்கு கிற்றார்ட நிறம் சரியில்ல எண்டுவ.

கல்லடிக்காத்து
நாளைக்கும் இதத்தான் சொல்லுவன். கிற்றார் இல்ல.

மாமாங்கம் வடக்கு
ஆரையம்பதி அண்ணே, களரி எண்டு சொன்னீங்களே, ஒங்கட ஊர்ல கடைசியா எப்ப களரி கட்டினீங்க?

ஆரையம்பதியான்
அத ஏன் இங்க கேக்குறீங்க? ஒங்கட ஊர்ல கட்டினீங்களா? கோயில் திருவிழாவுக்கு டீஜே போட்ட ஊர்க்காரர் எங்களக் கேக்க வேணாம்.

அறுகம்பே நைட்ஸ்
பெடல் விசயத்துல என்னத்தான் சாடையாச் சொல்றான் எண்டு விளங்குது. வேலை செய்யாத பெடல்தான் தந்த நீ. சுவிட்ச் இறுகிக் கிடந்தது, காசு குடுத்துத் திருத்தினது நான். திருத்தின காசத் தா, பெடல வந்து எடு.

அக்கரைப்பற்று வெயில்
நான் தந்த நேரம் அது சோக்கா வேலை செஞ்சது, அண்டைக்கு ரா முழுக்க அதுலதான நீ வாசிச்ச. ஓ, இப்பதான் விளங்குது ஏன் கல்லடிக்கு சப்போட் பண்ற எண்டு, ரெண்டு பேரும் ஒரே பேண்டுல இரிந்தீங்கதானே.

கல்லடிக்காத்து
அந்த பேண்டப் பத்திக் கதைக்காத. அதுல ரெண்டு கிற்றார் இரிந்தது.