ஒற்றை ஜன்னல் ஒளியில் நெசவாளியின் முகம் மெழுகு பொம்மைபோல் தெரிகிறது: பிளெண்டர் சைக்கிள்ஸில் உதவி தேவை

தறிக்குழி:
வணக்கம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்திருப்பதுபோல் பிளெண்டர் 4.2 முப்பரிமாண மென்பொருளில், அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் முறையில் ஒரு காட்சி செய்துகொண்டிருக்கிறேன். அவருக்கு அறுபது வயது இருக்கும், கறுத்த மேனி. இடப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். ஒளி நேராக அவர்மேல் விழக் கூடாது. தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில்தான் முகம் தெரிய வேண்டும். என் பெரியப்பா தறியில் உட்கார்ந்து நான் பார்த்தது அப்படித்தான். அந்த வெளிச்சம் அப்படியே வர வேண்டும் என்று ஆசை.

ஜன்னலுக்கு வெளியே 1.2 மீட்டர் ஏரியா லைட் (பலகைபோல் பரந்த விளக்கு), 200 வாட். அறை இருட்டாக இருந்தது. அதனால் ஹெச்டிஆர்ஐ (சுற்றிலும் வானத்து ஒளி தரும் படம்) சேர்த்தேன், கேமராவுக்குப் பின்னால் இரண்டு நிரப்பு லைட்டும் வைத்தேன். இப்போது எல்லாம் தெரிகிறது, ஆனால் முகம் தட்டையாக இருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் வந்ததால் பட்டுத் திரும்பும் ஒளிக்கு உச்சவரம்பு வைக்கும் இன்டைரக்ட் கிளாம்பை 1 ஆக்கி, காஸ்டிக்ஸ் (பளபளப்பிலும் கண்ணாடியிலும் பட்டு வந்து விழும் ஒளி) இரண்டையும் அணைத்துவிட்டேன். புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் போட்டால் நெற்றிச் சுருக்கங்கள் காணாமல் போகின்றன. ஒரு பிக்சலுக்கு 512 சாம்பிள். சுவருக்கு எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் போனில் எடுத்த படம். கேமரா வைக்க இடம் இல்லாததால் நான்காவது சுவரை எடுத்துவிட்டேன்.

நிழல்வெளி:
கடைசி வரியில் சொன்னதுதான் முதல் பிரச்சினை. ஒரு பக்கம் திறந்திருப்பதால் ஹெச்டிஆர்ஐ ஒளி முழுக்கக் கேமரா பக்கமிருந்து நேராக முகத்தில் அறைகிறது. அந்தச் சுவரைத் திரும்ப வையுங்கள். ஆப்ஜெக்ட் பண்புகளில் ரே விசிபிலிட்டிக்கு (எந்த வகைக் கதிருக்குப் பொருள் தெரிய வேண்டும் என்ற பட்டியல்) போய் அதற்குக் கேமராவை மட்டும் அணைத்தால், கேமராவுக்குத் தெரியாது, ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். நிரப்பு லைட் இரண்டையும் அழித்துவிடுங்கள். ஜன்னல் அளவுக்கு இன்னொரு ஏரியா லைட் வைத்து, அதில் போர்ட்டலை டிக் செய்யுங்கள். வானத்து ஒளி எந்த வழியாக வருகிறது என்று சைக்கிள்ஸுக்குத் தெரிந்துவிடும், புள்ளிகள் குறையும்.

அப்புறம் கிளாம்ப். இயல்பாக அது 10. நீங்கள் 1 ஆக்கியதால், திரும்பி வருகிற ஒளியைத்தான் வெட்டி எறிகிறீர்கள். உங்களுக்கு வேண்டியதே அந்த ஒளிதானே! 10-க்கே கொண்டுபோங்கள்.

சுவர்ப் படத்தின் ஆல்பெடோ (ஒளியைத் திருப்பித் தரும் பங்கு) எவ்வளவு என்று பார்த்தீர்களா? நிழலில் எடுத்த போன் படம் என்றால் நிச்சயம் இருட்டாக இருக்கும்.

தறிக்குழி:
பார்த்தேன். சராசரி 0.2 பக்கம். இதுவா இவ்வளவு வேலை செய்கிறது?

நிழல்வெளி:
ஆமாம். வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பித் தரும். 0.8 சுவரில் நான்கு முறை பட்டுத் திரும்பினாலும் 41 விழுக்காடு மிச்சம். 0.2 சுவரில் நான்கு முறைக்குப் பிறகு 0.16 விழுக்காடுதான், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாக வெளியேறுவதை விட்டுவிட்டால், 0.8 சுவர் உள்ள மூடிய அறையில் வெளிச்சம் மொத்தம் 5 மடங்காகச் சேரும். 0.2 சுவரில் 1.25 மடங்குதான். அறை இருட்டாக இருந்ததற்கு லைட் காரணமில்லை, சுவர்தான். படத்தை 0.75 வரை ஏற்றுங்கள். டிஃப்யூஸ் பவுன்ஸ் (ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்ற எண்) இயல்பாக 4 இருக்கும், அதை 8 ஆக்குங்கள்.

ஒளித்துணி:
தம்பி, நான் கேமரா துறையில் வேலை பார்த்தவன். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா 1956-ல் வந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து லைட்டை அதில் அடித்துத் திருப்பினார். வானத்து வெளிச்சம்போலவே வந்தது. ஒளி மென்மையாக இருந்தாலும் வரும் திசை ஒன்றுதான், அதைக் கவனியுங்கள். நீங்கள் நாலாபுறமும் நிரப்பியதால் திசை செத்துப்போயிற்று.

ஜன்னல் லைட்டைக் கொஞ்சம் உயர்த்தி, தரையைப் பார்த்துச் சாய்த்து, ஒளி விரியும் கோணமான ஸ்பிரெட்டை 180 டிகிரியிலிருந்து 60 ஆக்குங்கள். ஜன்னலடித் தரைதான் இனி உங்கள் விளக்கு. வலப்பக்கம் கேமராவில் படாத இடத்தில் ஒரு கறுப்புத் தளத்தை நிறுத்துங்கள். படப்பிடிப்பில் கறுப்புத் துணி கட்டுவோம், அதேதான். கன்னத்தின் அந்தப் பக்கம் இறங்கும்.

இன்னொன்று. கறுத்த மேனியின் வடிவத்தைக் காட்டுவது தோலின் மேல் ஓடுகிற பளபளப்புதான். நிழலை வெளுப்பாக்கினால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். தோலின் ரஃப்னெஸை (சொரசொரப்பு) 0.4 பக்கம் வைத்து, வெளிச்சம் விழுந்த தரை கன்ன எலும்பில் பிரதிபலிக்கிறதா என்று பாருங்கள். தலையை ஐந்து டிகிரி திருப்பினாலே சில சமயம் வந்துவிடும்.

தறிக்குழி:
அண்ணா, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் அந்த மினுமினுப்பு வந்துவிட்டது, அறையும் அறையாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு சிக்கல். அரக்குச் சிவப்புப் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) முகத்துக்கு முன்னால் விரிந்திருப்பதால் தாடைக்குக் கீழே ரத்தம்போல் சிவக்கிறது. சுருக்கங்களும் இன்னும் மழுங்கித்தான் இருக்கின்றன.

நிழல்வெளி:
சுருக்கம் மழுங்குவதற்குக் காரணம் டீநாய்ஸ் இல்லை என்று நினைக்கிறேன். அதை அணைத்து ஒரு ரெண்டர் எடுத்துப் பாருங்கள், அப்போதும் மழுங்கியிருந்தால் சப்சர்ஃபேஸ்தான் (ஒளி தோலுக்குள் புகுந்து பரவுவது). அதன் ஸ்கேல் இயல்பாக 0.05, சிவப்பு ரேடியஸ் 1. உண்மை அளவில் செய்த தலை என்றால் சிவப்பு ஒளி தோலுக்குள் 5 சென்டிமீட்டர் பரவும், மெழுகு அங்கிருந்துதான் வருகிறது. 0.005-லிருந்து தொடங்குங்கள். கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்ததையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாடைச் சிவப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள், பட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் என்பதை அதுதான் சொல்கிறது. பாவின் மெட்டீரியலில் லைட் பாத் நோடின் இஸ் டிஃப்யூஸ் ரேயை (கதிர் பட்டுத் திரும்பும் ஒளிக்கானதா என்று சொல்வது) கொண்டு இரண்டு நிறங்களைக் கலக்கலாம்: கேமராவுக்கு முழு அரக்கு, திரும்பும் ஒளிக்குக் கொஞ்சம் மங்கிய அரக்கு.

தறிக்குழி:
0.006-ல் நிறுத்தினேன், சுருக்கம் ஒவ்வொன்றும் வந்துவிட்டது. கண் மட்டும் குழிபோல் கறுப்பாக இருக்கிறது. கருவிழிக்கு மேல் கண்ணாடி மெட்டீரியலில் தனி மெஷ் போட்டிருக்கிறேன்.

நிழல்வெளி:
காஸ்டிக்ஸை அணைத்தேன் என்றீர்களே, அதுதான். அது அணைந்திருந்தால் திரும்பி வரும் ஒளி கண்ணாடியைத் தாண்டிக் கருவிழிக்குப் போகாது. அந்த மெஷ்ஷுக்கு ரே விசிபிலிட்டியில் டிஃப்யூஸையும் ஷேடோவையும் அணையுங்கள். பிரதிபலிப்புக்கான கிளாஸியை விட்டுவையுங்கள். கண்ணில் ஜன்னலும் தெரிய வேண்டும் என்றால் லைட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் வடிவத்தில் தானே ஒளிரும் ஒரு சின்ன எமிஷன் தளம் வைத்து, அதற்குக் கிளாஸியை மட்டும் திறந்துவிடுங்கள்.

தறிக்குழி:
ஜன்னல் கண்ணுக்குள் வந்துவிட்டது, கம்பிகூடத் தெரிகிறது. இரவு 2048 சாம்பிளில் ஓட விடுகிறேன், காலையில் படத்தைப் போடுகிறேன்.