ஆர்எஸ்334: பாடத்தில் ஒரு எழுத்து, என்செம்பிளில் வேறொரு எழுத்து

களுவாஞ்சிக்குடி மிஸ்:
ஏ/எல் உயிரியல் படிப்பிக்கிறேன். விகாரம் பாடத்துக்கு அரிவாட்கல நோயின் பரம்பரையலகையே மல்டிமீடியாவில் காட்டலாமென்று என்செம்பிள் என்ற ஜீனோம் தளத்தில் ஆர்எஸ்334 (அந்த விகாரத்தின் அடையாள இலக்கம்) தேடினேன். 11ஆம் நிறமூர்த்தம், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான எச்பிபி பரம்பரையலகு. அதுவரை சரி. ஆனால் நாங்கள் படிப்பிப்பது ஜிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் ஜிடிஜி ஆகிறது என்று. அதாவது ஏ போய் டி. அங்கே டி போய் ஏ என்று கிடக்கிறது. மாறுவது ஆறாவது அமினோ அமிலம் என்கிறோம், அது ஏழு என்கிறது. நிறமூர்த்தத்தில் அதன் இடம் 5227002, என்னிடமுள்ள பழைய கட்டுரையிலோ 5248232. பின்வாங்கில் இருக்கிற ரெண்டு பேர் இதைக் கண்டால் என்னை விடமாட்டார்கள். விளக்குங்க.

வந்தாறுமூலைக்காரன்:
மிஸ், ரெண்டு பக்கமும் சரிதான். டிஎன்ஏயின் ரெண்டு இழைகளில் எச்பிபி எதிர் இழையில் இருக்கு. என்செம்பிள் போன்ற ஜீனோம் பிரவுசர் வழக்கமாக முன் இழையின் எழுத்தைத்தான் காட்டும், அதனால் ஏ இருக்க வேண்டிய இடத்தில் அதன் சோடி டி நிற்கும். பரம்பரையலகே வலமிருந்து இடமாகத்தான் ஓடுகிறது. யூசிஎஸ்சி என்ற இன்னொரு ஜீனோம் பிரவுசரில் 'ரிவர்ஸ்' பொத்தான் இருக்கு, அழுத்தினால் படம் திரும்பிவிடும். வகுப்புக்கு அதுதான் லேசு.

ஏழு வருவது புரதத்தின் முதல் அமினோ அமிலமான மெதியோனைனையும் எண்ணுவதால். புரதம் உருவாகும்போது அது வெட்டுப்பட்டுப் போகும், பழைய ஆட்கள் மிச்சத்தைத்தான் எண்ணினார்கள். கட்டுரையில் இருப்பது மேற்கோள் மனித ஜீனோமின் 37ஆம் பதிப்பின் இலக்கம். 2013 டிசம்பரில் வந்த 38இல் இடங்கள் நகர்ந்துவிட்டன. பதிப்பைச் சொல்லாமல் இடத்தை மட்டும் எழுதுகிற கட்டுரைகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

லேப் அக்கா:
மிஸ், என்செம்பிளில் ஆர்எஸ்334இன் சனத்தொகை அட்டவணையையும் காட்டுங்க. எஸ்டியூ என்ற வரி இங்கிலாந்தில் இருக்கும் இலங்கைத் தமிழர். பல நாட்டவரின் டிஎன்ஏயை வாசித்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் 102 பேர். பிள்ளைகள் "எங்கட ஆக்கள்!" என்று துள்ளுவார்கள். ஆனால் 102 பேரில் இந்த விகாரத்தைக் காணவில்லை என்பதற்காகத் தமிழரிடமே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். அதில் மட்டக்களப்பார் எத்தனை, யாழ்ப்பாணத்தார் எத்தனை என்றும் பிரிக்க ஏலாது.

களுவாஞ்சிக்குடி மிஸ்:
ரிவர்ஸ் அழுத்தினேன், ஜிஏஜி அப்படியே வந்துவிட்டது. நன்றி தம்பி. அக்கா, எங்கட பக்கத்துக்குத் தலசீமியாதானே கூடப் பொருந்தும்? அதற்கு எதைத் தேட?

லேப் அக்கா:
ஆர்எஸ்33915217. அதே எச்பிபியில் முதல் இன்ட்ரோனின் (புரதமாகாத இடைத்துண்டின்) ஐந்தாவது எழுத்து, ஜி போய் சி. இலங்கையில் பீட்டா தலசீமியாவில் அதிகம் காண்பது இதுதான். பிரவுசரில் சி போய் ஜி என்று நிற்கும், பின்வாங்குக்கு இப்பவே சொல்லிவையுங்க.