லைன் அரேவுக்கு பிளேனர் டிரைவர்: சின்னதா, நீளமானதா?

மரத்தூள்:
வணக்கம். வீட்டுக்கு ஒரு ஜோடி லைன் அரே (ஸ்பீக்கர் யூனிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண்) செய்ய ஆரம்பித்திருக்கிறேன். உயரம் 160 செ.மீ., உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி. தாழ்ந்த ஒலிக்கான வூஃபர் முடிவாகிவிட்டது: 13 செ.மீ. மைய இடைவெளியில் 12. தாழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் பிரிக்க டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் செயலி) கிராஸ்ஓவர்தான். மேல் ஒலிக்கான பிளேனர் (காந்தத்தருகே மெல்லிய ஃபிலிம் அசைந்து ஒலிக்கும் டிரைவர்) விஷயத்தில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை.

முதலாவது: சட்டத்தின் உயரம் 11 செ.மீ., ஃபிலிம் 6 செ.மீ., 8 ஓம். 2.5 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 வரை கிராஃப் அவ்வளவு நேராக இருக்கிறது. இரண்டாவது: சட்டம் 20 செ.மீ., ஃபிலிம் 16.5, 4 ஓம். 500 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது, ஆனால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மேடு பள்ளம். எனக்கு முதலாவதின் மேல்தான் கண். சரிதானே?

கருப்புத்திரை:
முதலாவதையே எடுங்கள். வரிசை என்றால் மைய இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். 20 செ.மீ. என்றால் 1.7 கிலோஹெர்ட்ஸிலேயே ஒரு அலைநீளம் ஆகிவிடுகிறது, அதற்கு மேல் வரிசையின் ஒலி சிதறும்.

நெடுவரிசை:
நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மைய இடைவெளியை மட்டும் பார்ப்பது டோம் ட்வீட்டருக்கு (குமிழ் வடிவ மேல் ஒலி ஸ்பீக்கர்) சரி, அதில் ஒலிக்கும் பகுதி சிறியது. பிளேனரில் ஃபிலிம் முழுக்கச் சேர்ந்து அசைகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, சட்டத்தின் உயரத்தில் ஃபிலிம் எத்தனை பங்கு என்பதை. உங்கள் முதலாவதில் 55 சதவீதம், இரண்டாவதில் 82.

1992-இல் கிறிஸ்டியன் ஹெயிலும் மார்செல் அர்பனும் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டில் அளித்த கட்டுரை இதற்கு இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, மைய இடைவெளி அரை அலைநீளத்துக்குள் இருக்க வேண்டும். அல்லது, வரிசையின் நீளத்தில் 80 சதவீதமாவது ஒலிக்கும் பரப்பாக இருக்க வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 1.7 செ.மீ.தான். அந்தச் சின்ன இடத்தில் எந்த பிளேனரும் அடங்காது, ஆகவே நமக்கு இருப்பது இரண்டாவது வழி மட்டுமே.

அந்த 80-க்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. யூனிட்டுகளுக்கு நடுவே ஒலிக்காத இடம் இருந்தால், நேரே வரும் ஒலியோடு மேலும் கீழும் கிளைக்கற்றைகள் புறப்படும். 55 சதவீதத்தில் அந்தக் கிளை முதன்மைக் கற்றையைவிட வெறும் 5 டெசிபல் குறைவு. கூரையைப் பார்த்து இன்னொரு ஸ்பீக்கர் வைத்தது மாதிரி. 80-இல் 12 டெசிபலுக்கு மேல் குறைகிறது, உங்கள் இரண்டாவதில் 14. சிலருடைய வரிசையில் உட்கார்ந்து கேட்டால் சிம்பல் ஒரு மாதிரி, எழுந்தால் வேறு மாதிரி கேட்கும். நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கிராஸ்ஓவர் எனக்கு இதைவிடவும் முக்கியம். 13 செ.மீ. என்பது 1.3 கிலோஹெர்ட்ஸில் அரை அலைநீளம். அதுவரைக்கும் உங்கள் 12 வூஃபர்களும் ஒரே தூணாக ஒலிக்கும். முதலாவது பிளேனரைப் போட்டால் வூஃபரை 2.5 வரை இழுத்தாக வேண்டும். குரலில் வல்லின எழுத்துகளின் தெளிவு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அங்கேயா வரிசையைச் சிதற விடுவது? இரண்டாவதை 900 ஹெர்ட்ஸில் வெட்டலாம். ஒற்றை யூனிட்டாக இருந்தால் யோசிப்பேன். 160 செ.மீ. உயரத்துக்கு எட்டு சேரும்போது ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு பங்கு பவர்தான், ஃபிலிமின் அசைவும் சிறிது.

10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள மேடு பள்ளம்: வாங்கியதும் எல்லா யூனிட்டையும் ஒரே தூரத்தில் மைக் வைத்து அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வந்தால் அது வடிவமைப்பின் குணம், பெரும்பாலும் முன்பக்கக் காந்தப் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளால் வருவது. டிஎஸ்பியில் தணிக்கலாம். யூனிட்டுக்கு யூனிட் மாறினால் ஃபிலிமின் இழுப்பு சீராக இல்லை என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்படியும் நீண்ட வரிசையை அருகிலிருந்து கேட்கும்போது ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறைக்கும்) 3 டெசிபல் வீதம் மேல்பகுதி சரியும், அதைத் தூக்கத்தான் போகிறீர்கள். ஒற்றை டிரைவரின் கிராஃப் நேராக இருப்பதை நம்பி வரிசைக்கு முடிவெடுக்க வேண்டாம்.

வயரிங்கும் இரண்டாவதில் எளிது. நான்கு சீரியஸில், அப்படி இரண்டு தொகுப்பு பேரலலில்: 8 ஓம். முதலாவதில் 14 யூனிட் வேண்டும், கிடைப்பது 28 ஓம் அல்லது 2.3 ஓம்.

மரத்தூள்:
சார், இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு கேள்வி. முதலாவதின் சட்டத்தை மேலும் கீழும் அறுத்து 8 செ.மீ. ஆக்கினால்? சில யூனிட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அப்புறம், இரண்டாவதில் ஃபிலிமின் அகலம் 3.5 செ.மீ., பக்கவாட்டில் ஒலி பரவாதோ?

நெடுவரிசை:
அறுத்தால் 75 சதவீதம், கிளைக்கற்றை 10 டெசிபல் கீழே போகும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 2.5 கிலோஹெர்ட்ஸ் பிரச்சினை அப்படியே நிற்கும். அதோடு சட்டம் இரும்பு என்றால் ரம்பத்தூளைக் காந்தம் இழுத்து ஃபிலிம் மேல் கொண்டுபோய் ஒட்டிவிடும், ஊதினாலும் போகாது. கையில் உள்ளவற்றை ஒரு சின்ன புக்‌ஷெல்ஃப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அருமையாகப் பாடும்.

அகலம்: 10 கிலோஹெர்ட்ஸில் இருபுறமும் 35 டிகிரி வரை 6 டெசிபலுக்குள் இருக்கும், 20-இல் 17 டிகிரிதான். இரண்டு தூண்களையும் உட்காரும் இடத்தை நோக்கித் திருப்பி வைத்தால் 3 மீட்டரில் இரண்டு மூன்று பேருக்குக் குறையிருக்காது. வூஃபர் வரிசையைப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். 900 ஹெர்ட்ஸில் அலைநீளம் 38 செ.மீ., மையத்துக்கு மையம் அதில் பாதிக்குள் இருந்தால் போதும்.

கருப்புத்திரை:
ஒன்று சேர்க்கிறேன். டிஎஸ்பி என்றாலும் ஆம்புக்கும் பிளேனர் வரிசைக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் அவசியம் போடுங்கள். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் உதையை மெல்லிய ஃபிலிம் தாங்காது. 8 ஓமுக்கு 68 மைக்ரோஃபாரட், அதாவது 300 ஹெர்ட்ஸ் அருகே வெட்டும். 900-இல் அரை டெசிபல்தான் குறையும், டிஎஸ்பியில் சேர்த்துக்கொள்ளலாம். முழு வரிசைக்கும் சேர்த்து ஒன்று போதும்.