ஓடுகிற லேப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாற்றத்தான் வேண்டுமா?

தாழ்வாரம்:
2017-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். நடுவில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், அதிலிருந்து ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. சரி, 11-க்குப் போவோம் என்று பார்த்தால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்கிறது. நான் செய்வது மெய்ப்புத் திருத்தம், கொஞ்சம் கணக்கு, அப்புறம் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்வது. ஸ்கேனருக்கு வயது 13. தகுதிச் சோதனையை ஏமாற்றி 11 போடலாமா, இப்படியே விடலாமா, புதிதாக வாங்கித் தொலைக்க வேண்டுமா?

மின்மினி_8:
இப்படியே விடுவது மட்டும் வேண்டாம். ஆதரவு முடிந்த அன்றே கணினி நின்றுவிடாது, நேற்று போலவே இன்றும் ஓடும். அதனால்தான் ஆட்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். 10-க்கும் 11-க்கும் உள்ளே பொதுவான பகுதிகள் நிறைய. 11-க்கு மாதாமாதம் வரும் பேட்சை, அதாவது ஓட்டை அடைக்கும் திருத்தத்தை, பிரித்துப் பார்க்கிறவனுக்கு, 10-இல் அடைபடாத ஓட்டை எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடியும். முதலில் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய், 11 கேட்கும் பாதுகாப்புக் கூறான டிபிஎம் அணைந்து கிடக்கிறதா பாருங்கள். இன்டெல்லில் பிடிடி என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினாலே பலருக்குத் தீர்ந்துவிடுகிறது.

திருகாணி:
இவருக்குத் தீராது. 11-க்குத் தகுதியான சிப்புகளின் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் சில விதிவிலக்கு உண்டு, லேப்டாப்பில் வரும் ஐ5 அதில் இல்லை. டிபிஎம் 2.0 இருந்தாலும் பயனில்லை.

பயாஸில் கைவைப்பதைப் பற்றி ஒரு கதை. என் மைத்துனர் யாரோ சொன்னார்கள் என்று டிபிஎம் அமைப்பை மாற்றிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். நீலத்திரை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்கிறது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்ததே அவருக்குத் தெரியாது. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம்மில்தான் வைத்திருக்கும், அங்கே எதையாவது மாற்றினால் அது சந்தேகப்படத்தான் செய்யும். சாவியின் நகல் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும் என்றேன். எந்தக் கணக்கு என்று அவருக்கு நினைவில்லை. மூன்று மணி நேரம் பழைய மின்னஞ்சல் முகவரிகளாக முயன்று, ஒருவழியாகக் கல்லூரிக் காலத்து முகவரி ஒன்றில் கிடைத்தது. அவர் ஒவ்வோர் எண்ணாக வாசிக்க நான் தட்டினேன். ஆகவே, எதைத் தொடுவதற்கு முன்பும் அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

பழையபுலி:
தாழ்வாரம், எதையும் தொடாதீர்கள். 2015-இல் 10 வந்தபோது இதுதான் கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார். ஆறு வருடத்தில் 11 வந்தது. அதில் என்ன கண்டோம்? டாஸ்க்பாரை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது, மீதிக்கு இன்னொரு கிளிக். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் தகுதி இல்லை என்று ஒதுக்குவதற்குப் பெயர் முன்னேற்றமா?

புதிது என்றால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மை இல்லை. 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் கோப்புறையையே காலி செய்தது. சில நாளிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள்.

மின்மினி_8:
2018-ஐச் சொன்ன நீங்கள் 2017-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள், புலி அண்ணே? கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை மே 12-ஆம் தேதி பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு மாதம் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்களின் கோப்புகள்தான் பூட்டப்பட்டன. ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்குக்கூடக் கடைசியில் தனியாக பேட்ச் விட வேண்டிவந்தது.

பழையபுலி:
அதில் அதிகம் மாட்டியது விண்டோஸ் 7, தம்பி. அன்றைக்கு அதற்கு ஆதரவு இருந்தது. போடாமல் விட்ட பேட்ச்தான் குற்றவாளி, பழைய சிஸ்டம் இல்லை. நீங்கள் எனக்காகத்தான் வாதாடுகிறீர்கள். 10-க்கு பேட்ச் கிடைத்தால் 10-லேயே இருக்கலாம், அவ்வளவுதானே?

மின்மினி_8:
கிடைத்தால்!

திருகாணி:
கிடைக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. பணம் கட்டலாம், இல்லையென்றால் செட்டிங்குகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். சிஸ்டம் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுக்கான இணைப்பு வரும். புதிய வசதி எதுவும் வராது, ஓட்டை அடைப்பு மட்டும்.

பழையபுலி:
பணம் கட்டினாலும் மைக்ரோசாப்ட் கணக்கு கட்டாயம், அதையும் சொல்லுங்கள். பத்து வருடமாக உள்ளூர்க் கணக்கில் இருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தாழ்வாரத்துக்கு ஒத்துவந்தால் செய்யட்டும்.

அரைலினக்ஸ்:
விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் சிஸ்டமான மின்ட் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பென் டிரைவில் போட்டு, எதையும் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பழைய ஸ்கேனர்களுக்கு லினக்ஸில்தான் வாழ்வு.

தாழ்வாரம்:
ஆசைதான். கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கிறது.

அரைலினக்ஸ்:
விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதற்கான வைனில் ஓடும்.

பழையபுலி:
'ஓடும்' வேறு, 'ஓடுகிறது' வேறு. நீங்கள் அதை ஓட்டிப் பார்த்தீர்களா?

அரைலினக்ஸ்:
இல்லை.

மின்மினி_8:
சரி, சோதனையை ஏமாற்றுவது பற்றி அவர் கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றம் செய்தால் 11 ஏறிவிடும். 11-இன் 24எச்2 பதிப்புக்குத் தேவையான கட்டளைகள் ஏழாம் தலைமுறை சிப்பில் உண்டு, பூட் ஆகாமல் நிற்காது. என் பழைய கணினி ஒன்றில் அப்படித்தான் ஓடுகிறது, மாத அப்டேட்டும் வருகிறது.

திருகாணி:
வருகிறதுதான். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்கு அப்டேட் உறுதியில்லை என்று மைக்ரோசாப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. விளையாட்டுக் கணினி என்றால் செய்யுங்கள், நானும் செய்திருக்கிறேன். வேலைக்கு நம்பியிருக்கும் ஒரே லேப்டாப்பில் வேண்டாம். அடுத்த பெரிய பதிப்பு வரும்போது நீங்களே நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) இறக்கி மறுபடி முதலிலிருந்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மின்மினி_8:
ஒரே லேப்டாப் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த நீட்டிப்பைச் சாக்காக வைத்து அடுத்த அக்டோபரிலும் இதே கேள்வியோடு வராதீர்கள். இப்போதே ஸ்கேனருக்கு 11-இல் ஓடும் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, ஆகவே 64 பிட் டிரைவர் வேண்டும். புதுக் கணினி வாங்கியபின் இதைத் தேடுவது பெரும்பாடு.

பழையபுலி:
மின்மினி சொன்னதில் இது ஒன்று உருப்படி. கூடவே இன்னொன்று. என்றைக்காவது மாறினால், பிடிக்காவிட்டால் திரும்பிவரப் பத்து நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு பழைய சிஸ்டத்தின் கோப்புகள் தானாக அழிந்துவிடும். மாறிய அன்றே எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பாருங்கள். ஸ்கேன், பிரிண்ட், ஜிஎஸ்டி, வருட முடிவுக் கணக்கு, எல்லாம்.

தாழ்வாரம்:
எல்லோருக்கும் நன்றி. என் லேப்டாப் 22எச்2-தான். திட்டத்தில் பதிவு செய்துவிட்டேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 11 இப்போதைக்கு இல்லை. தங்கையின் லேப்டாப் பத்தாம் தலைமுறை, அதில் ஏற்கெனவே 11 ஓடுகிறது. ஸ்கேனரை அதில் செருகிப் பார்த்தேன். ஸ்கேன் ஆகிறது, ஆனால் இயந்திரத்தின் முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, கணினியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அது எனக்குப் போதும்.

மீட்புச் சாவி தேடப் போனேன். டிஸ்க் பூட்டப்படவே இல்லையாம், சாவியும் இல்லை.

திருகாணி:
நல்லது. பேக்கப்?

தாழ்வாரம்:
அதை மட்டும் கேட்காமல் இருப்பீர்கள் என்று நினைத்தேன். வெளி ஹார்ட் டிஸ்க்கை இப்போதுதான் செருகினேன். கடைசியாக நகல் எடுத்தது 2022 மார்ச்.

பழையபுலி:
இவ்வளவு நேரம் நாங்கள் எதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்?

தாழ்வாரம்:
ஓடிக்கொண்டிருக்கிறது அண்ணே. 14 சதவீதம்.